மழை தேங்கிய மலைத்தெரு

மட்டாஞ்சேரியில் யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுன் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருந்த அந்த மனிதரிடம் எந்தப் பொருளும் ஒரு நாளுக்கு மேல் புதிதாக இருந்து நான் பார்த்ததில்லை. காலையில் வண்டியிலிருந்து இறங்கும்போது அது புதிதாகத்தான் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குள் அதற்கு நூறு வயது கடந்துவிடும்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. வருத்தப்படுவாரே என்பதற்காக அல்ல. தன் பெயர் அச்சில் வந்த தாளைச் சட்டம் போட்டு மாட்டி, அதற்கும் ஒரு வயது சொல்லிவிடக்கூடியவர். இப்போது கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார். கடை இருந்த இடத்தில் காப்பி விற்கிறார்கள். அந்தக் காப்பிக்கு யாரும் வயது சொல்வதில்லை என்பதே தெருவுக்கு ஒரு முன்னேற்றம்.

நான் ஏற்றுமதி அனுமதிகளைக் கவனிக்கும் ஓர் அலுவலகத்தில் முப்பத்து நாலு வருஷம் இருந்தவன். எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டால் எத்தனை நாள் தாமதம் ஆகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஓய்வு பெற்றபின் யாரும் கேட்கவில்லை. அதனால் காலையில் பத்திரிகை படிக்க அவர் கடைக்குப் போவேன். என் வீட்டிலும் பத்திரிகை வருகிறது. ஆனால் வீட்டில் அவ்வளவு நன்றாகப் பொய் சொல்ல ஆளில்லை.

அவர் வயது சொல்வதில் ஒரு முறை இருந்தது. வாடிக்கையாளர் பொருளைத் தொட்டதும் இவர் கையிலிருந்த துணியை மடித்து வைப்பார். பொருளருகே வந்து, நோயாளியின் நெற்றியைத் தொடுவதுபோல் அதைத் தொடுவார். கண்ணை மூடுவார். ஒரு பெருமூச்சு. அதன் பிறகுதான் எண்.

“நூறுன்னு சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான் சாரே,” என்று என்னிடம் விளக்கினார். “நூத்தி முப்பத்தேழுன்னு சொல்லணும். அந்த முப்பத்தேழுதான் முக்கியம். ஆளு எங்கயோ போயி பாத்துட்டு வந்திருக்கான்னு தோணும்.”

“எங்கே போய்ப் பார்த்தீர்கள்?”

“நீங்க ஒண்ணு. காலங்காத்தாலே.”

தன் குடும்பத்துக்கும் அவர் இதே சலுகையை வழங்கியிருந்தார். தென்காசிப் பக்கத்திலிருந்து மிளகு வாங்க வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம் அவருடையது. எப்போது வந்தது என்று வெள்ளைக்காரர்கள் கேட்டால், இருநூற்றுத் தொண்ணூற்றாறு வருஷம் என்பார். அவருடைய அப்பா பஸ்ஸில் வந்து இறங்கியவர். டிக்கெட்டை வெகுநாள் பர்ஸில் வைத்திருந்ததாக அந்த அப்பாவே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

வயது சொல்வதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். வியாபாரிகள் எதையாவது கூட்டித்தான் சொல்வார்கள். எனக்குப் பிடிக்காதது, அவர் ஆட்களைக் கொல்வது. ஒரு பொருள் பழசாக வேண்டுமானால் அதைச் செய்தவன் இறந்திருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. டச்சுக்காரன் காலத்து நாற்காலி என்று அவர் விற்றவற்றைச் செய்த ஆசாரி சுள்ளிக்கலில் இருந்தார், நடந்தால் கால் மணி நேரம். ஒருநாள் ஒரு அமெரிக்கத் தம்பதியிடம் இவர், “இந்த வேலை தெரிஞ்ச கடைசிக் குடும்பம் அழிஞ்சு போச்சு” என்று குரல் தழுதழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்தக் கடைசிக் குடும்பம் உளியும் கையுமாக உள்ளே வந்து, “சேட்டா, காலு ரெண்டு ஆடுதுன்னு சொன்னீங்களே” என்றது. இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “வழி கேட்க வந்திருக்கான்” என்று அமெரிக்கர்களிடம் சொன்னார்.

சொந்த அப்பாவையும் விடவில்லை. கடையின் பிரதான அலமாரியைக் ‘காலஞ்சென்ற என் தகப்பனாரின் சேகரிப்பு’ என்றுதான் காட்டுவார். தகப்பனார் மாடியில் இருமிக்கொண்டிருப்பார். இருமல் பலமாகக் கேட்டால், “பக்கத்து வீட்டுக்காரர், ஆஸ்துமா” என்பார். பெரியவர் நிஜமாகவே இறந்த அன்று கடைக்காரர் அழுதார். ஆனால் அலமாரி முன்னால் அழுவதைவிட அன்று கொஞ்சம் குறைவாகத்தான் அழுதார் என்பது என் அபிப்பிராயம். பழகிப்போயிருக்க வேண்டும்.

அந்த ஓவியம் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும்.

கடைக்குப் பின்னால் ஒரு சுக்குக் கிடங்கு. அதன் ஒரு மூலையைத் தடுத்து அவர் ஒரு அறை பிடித்திருந்தார். அங்கே பேச்சியம்மாள் என்ற பெண் படம் போட்டுக்கொண்டிருந்தாள். கோவில்பட்டிக்காரி. நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவன் கொத்தனாராக எர்ணாகுளத்துக்கு வந்தவன், சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனபின் வீட்டில் இருந்தான். அவளுடைய அப்பா போட்டோ ஸ்டூடியோக்களுக்குப் படுதா எழுதியவர். மனிதர்களுக்குப் பின்னால் தொங்குமே, மலை, ஏரி, வளைந்த படிக்கட்டு, அந்தப் படுதா. அப்பாவுக்குக் கைகொடுத்தே இவளுக்குக் கை வந்துவிட்டது.

கடைக்காரர் அவளிடம் மருந்துக் கம்பெனி நாட்காட்டியிலிருந்து கிழித்த ஒரு தாளைக் கொடுத்திருந்தார். ஏதோ ஒரு வெளிநாட்டு மலையூர். பழைய கல் வீடுகள், மேலே மணிக்கூண்டு, கல் பாவிய சரிவான தெரு. நாட்காட்டியில் அங்கே நல்ல வெயில். பேச்சியம்மாள் போட்ட படத்தில் மழை.

“ஏன் மழை?” என்று கேட்டேன்.

“வெயிலு போட்டா அந்தக் கல்லு எனக்குப் பிடிபடல சார். காஞ்ச கல்லுக்கு முகமே இல்ல. இந்தா, வெளிய பாருங்க.” கிடங்கின் சன்னல் வழியே ஜூ டவுன் தெரு தெரிந்தது. ஆனி மழை அடித்துக்கொண்டிருந்தது. “அதுல வெளக்கு வெளிச்சம் விழுந்து கெடக்குல்ல. அதப் பாத்துப் போட்டேன். ஊரு அவுக ஊரு. மழை நம்ம மழை.”

நான் ஓவியம் அறிந்தவன் அல்ல. அனுமதிப் படிவத்தோடு வரும் புகைப்படங்களைத்தான் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் அந்த நனைந்த தெருவின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். யாரோ இப்போதுதான் குடையை மடக்கிக்கொண்டு ஒரு கதவுக்குள் போயிருக்கிறார்கள் என்று தோன்றியது. படத்தில் ஆள் யாரும் இல்லை.

கடைக்காரருக்கும் மழை பிடித்துப்போனது. மழை என்றால் பழசு, இருட்டு, சோகம். உலர்ந்த படத்தின்மேல் அவரே தேயிலைச் சாயம் பூசுவார். பிறகு ஒரு மாதம் கிடங்குச் சுவரில் மாட்டி வைப்பார். மட்டாஞ்சேரிச் சுவரின் ஈரம் ஒரு மாதத்தில் செய்வதை மற்ற ஊர்களில் காலம் அறுபது வருஷமாகச் செய்ய வேண்டும். கடைசியாக மிளகுச் சாக்கை உதறித் தூசி ஏற்றுவார். அதே தெருவை அவள் மறுபடி மறுபடி போட்டாள். பம்பாய்க்காரருக்கு அது சிம்லா. சென்னைக்காரருக்குப் பழைய ஊட்டி. வெள்ளைக்காரர் எந்த நாடோ அந்த நாட்டு மலை.

பேச்சியம்மாளுக்கு வேறு குறை எதுவும் இல்லை. ஒன்றே ஒன்று.

“அண்ணாச்சி, மூலையில சின்னதா என் பேரு போட்டுக்கிடட்டா?”

“எதுக்கு?”

“நான்தான போட்டேன்?”

“பேச்சி, நீ பேரு போட்டா இது நீ போட்ட படம். பேரு போடலன்னா நூத்தி நாப்பத்து மூணு வருஷம். எது பெருசு, நீயே சொல்லு.”

அவள் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தாள். வெளியே வரும்போது என்னிடம் சொன்னாள்: “எங்க அப்பாவும் ஒரு படுதாவுலயும் பேரு போட்டதில்ல சார். பேரு போட்டா, படம் புடிக்கிறவுக தலைக்குப் பின்னால அது தெரியும்னு முதலாளிமாரு விடல. சாகிறதுக்குள்ள ஒரே ஒரு படத்துக்குக் கீழ என் பேரு இருந்து, நாலு பேரு நின்னு படிக்கணும். அம்புட்டுதான்.”

அந்த வருஷம் ஊரில் பெரிய கலைக் கண்காட்சி வரவிருந்தது. பழைய கிடங்குகளைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, வெளிநாட்டுக் கலைஞர்கள் கயிற்றையும் மண்ணையும் கொண்டுவந்து வைப்பார்கள். ஒரு கூடத்தில் மட்டும் உள்ளூர்க்காரர்களுக்குச் சுவர் ஒதுக்குவதாக அறிவித்திருந்தார்கள். விண்ணப்பத்துடன், ஓவியர் என்பதற்கு ஏதாவது ஒரு ஆதாரம் வேண்டும். கல்லூரிச் சான்றிதழ், பரிசு, பத்திரிகைச் செய்தி, அரசாங்கத் தாள், எதுவானாலும் சரி. பேச்சியம்மாளிடம் இருந்தது ஆதார் அட்டை. அதில் இவள் பேச்சியம்மாள் என்று இருக்கிறது, ஓவியர் என்று இல்லை. நான் பல வழிகள் யோசித்துப் பார்த்தேன். கையில் ஒரு தாளும் இல்லாதவருக்கு முதல் தாளை வாங்குவதுபோலக் கடினமான நடைமுறை வேறு இல்லை.

அந்தச் சமயத்தில்தான் கடைக்காரர் மாட்டிக்கொண்டார்.

ஒரு வயதான வெளிநாட்டுப் பெண்மணி மழைத்தெரு ஒன்றை வாங்கினார். மிகவும் நேர்மையான பெண்மணி. விமான நிலையத்தில் பையைத் திறந்து காட்டச் சொன்னபோது, “இது நூற்று நாற்பத்து மூன்று வருஷத்துப் படம்” என்று பெருமையாகச் சொன்னதோடு, கடைக்காரர் தன் கையால் அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திய தாளையும் எடுத்து நீட்டினார். நூறு வயது கடந்த கலைப்பொருள் நாட்டை விட்டுப் போகக்கூடாது. அதை விற்க உரிமம் வேண்டும். இவரிடம் உரிமம் இல்லை. பெண்மணி ஊருக்குப் போனார். படம் இங்கேயே நின்றது. கடைக்காரருக்கு நோட்டீஸ் வந்தது.

நோட்டீஸை என் வீட்டுக்கு எடுத்து வந்தார். அன்றுதான் முதல்முறையாக அவர் ஒரு தாளை வயது சொல்லாமல் நீட்டினார்.

“சாரே, என்ன ஆகும்?”

“பழசு என்றால் உரிமம் இல்லாமல் விற்ற குற்றம். உள்ளே போகலாம். புதுசு என்றால் ஒன்றுமில்லை. புதுசுதான், இன்னார் இன்ன வருஷம் போட்டது என்று எழுதிக் கொடுங்கள். அவர்கள் பார்த்து, தொன்மைப் பொருள் அல்ல என்று சான்றிதழ் தருவார்கள். அந்த அம்மாளுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம். முடிந்தது.”

“புதுசுன்னு நானே எழுதறதா?”

“ஆமாம்.”

“என் கையாலே?”

“தாளில் நூற்று நாற்பத்து மூன்று என்று எழுதியதும் உங்கள் கைதானே?”

அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். “நாப்பது வருஷமா இந்தக் கையாலே புதுசுன்னு ஒரு வார்த்தை எழுதினதில்ல சாரே,” என்றார். கற்பைப் பற்றிப் பேசுகிறவர் குரல் அது. “வேற வழி ஒண்ணு பாருங்க. நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைச்சு, தொண்ணூத்தெட்டுன்னு எழுதினா?”

சிறைக்கும் வீட்டுக்கும் நடுவே நின்று பேரம் பேசிய மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன்.

அவர் போனபின் படிவத்தை எடுத்துப் படித்தேன். ஏழாவது கட்டம்: ஓவியரின் பெயரும் முகவரியும். நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தக் கட்டம் நிரம்பி, கீழே அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் விழுந்தால், பேச்சியம்மாள் ஓவியர் என்று அரசாங்கமே சொன்னதாகும். இவருடைய ஆபத்து அவளுடைய ஆதாரம். இத்தனை அழகாக இரண்டு கோப்புகள் ஒன்றையொன்று முடித்துவைப்பதை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

மூன்று நாள் அவரோடு போராடினேன். நாலாம் நாள் சட்டென்று சம்மதித்தார். “அவள் பேரையே எழுதுங்க சாரே. பாவம், அவளுக்கும் ஒரு ஆசை.” இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. படிவம் சுத்தமாக நிரம்பிய மகிழ்ச்சியில் இருந்தேன்.

விசாரணைக்கு எர்ணாகுளம் போனோம். ஒருவேளை அழைத்தால் இருக்கட்டும் என்று பேச்சியம்மாளையும் வரச் சொல்லியிருந்தேன். ஆதார் அட்டை, இரண்டு புகைப்படம், தன் தூரிகைகள் எல்லாவற்றையும் ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். உள்ளே அதிகம் பேர் வேண்டாம் என்று கடைக்காரர் சொல்ல, அவள் கீழே வாசலில் சாயாக்கடை அருகே நின்றாள். நானும் அவரும் மாடிக்குப் போனோம்.

அதிகாரி ஒரு பெண். முப்பத்தைந்துக்குள் இருக்கும். தேவிகுளத்துக்காரர், தேயிலைத் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர். தமிழ் சரளமாக வந்தது. மேசைமேல் படத்தைக் கவிழ்த்துப் பின்பக்கம் பார்த்தார். சட்டத்தின் ஆணிகளைப் பார்த்தார். ஒரு மூலையில் ஈரப்பஞ்சால் மெல்லத் துடைத்து மோந்து பார்த்தார்.

“தேயிலை,” என்றார். “அதுவும் மட்டமான தேயிலை. பெயிண்ட்டும் இப்ப கடையில கிடைக்கிறதுதான்.” படத்தைத் திருப்பி நிமிர்த்தி வைத்தார். “இது எந்த ஊர்?”

“ஐரோப்பா, மேடம்.”

“மலையூரா?”

“நல்ல உயரமான மலை.”

“தெரு சரிவா இருக்கு. அப்ப தண்ணி ஏன் இப்படித் தேங்கி நிக்குது?” விரலால் காட்டினார். படியடியில், வாசலில், தெரு நடுவில், மட்டாஞ்சேரியில் நிற்பதுபோல் தண்ணீர் அசையாமல் நின்று விளக்குகளை ஏந்திக்கொண்டிருந்தது. “மலையில மழை பெய்ஞ்சா தண்ணி நிக்காது, ஓடும். நாங்க சின்ன வயசுல அதுல செருப்பை விட்டுட்டுப் பின்னால ஓடுவோம். இதை வரைஞ்சவங்க மலையில ஒருநாள்கூட மழை பார்த்ததில்ல. கடலோரத்துல, ஓடை அடைச்சுக் கிடக்கிற ஊர்ல உட்கார்ந்து வரைஞ்சிருக்காங்க.”

வழக்கு அங்கேயே முடிந்தது. நல்லவேளை என்று கும்பிட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டும். ஆனால் கடைக்காரரின் முகம் சிவந்துவிட்டது.

“அப்படிச் சொல்லக்கூடாது மேடம். அந்தக் காலத்து மழை வேற. அது நின்னு பெய்யும்.”

அவர் காலை மிதித்தேன்.

“அந்தக் காலம்னா?” என்றார் அதிகாரி, படிவத்தைப் பார்த்துக்கொண்டே. “போன வருஷம்னு நீங்களேதான் எழுதியிருக்கீங்க?”

“ஆமாம், ஆமாம். போன வருஷத்து மழையைச் சொன்னேன்.”

அதிகாரி சிரித்துவிட்டார். சிரித்தபடியே ஏழாவது கட்டத்தைப் படித்தார். “பேச்சியம்மாள். தப்பு இருந்தாலும் நல்லா வரைஞ்சிருக்காங்க. இந்த வெளிச்சம் எப்படி விழுந்திருக்கு பாருங்க. இவங்களை ஒரு தடவை பார்க்கணுமே. நம்பர் இருக்கா?”

நான் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர் படத்தருகே போனார். அதைத் தொட்டார். கண்ணை மூடினார். ஒரு பெருமூச்சு.

“போயிட்டாங்க மேடம். போன கர்க்கடக மாசத்துல. ஒரு காய்ச்சல். மூணே நாள்.”

அறையின் சன்னல் தெருப் பக்கம் திறந்திருந்தது. கீழே சாயாக்கடை வாசலில் பேச்சியம்மாள் நின்று பழம்பொரி தின்றுகொண்டிருந்தாள்.

“அய்யோ,” என்றார் அதிகாரி. நிஜமாகவே வருந்தினார். பேனாவை எடுத்து, ஏழாவது கட்டத்தில் அவள் பெயருக்கு முன்னால், காலஞ்சென்றவர் என்பதற்குரிய அந்த நாலெழுத்து ஆங்கிலச் சொல்லைத் தன் கையால் சேர்த்தார். கையெழுத்திட்டார். முத்திரை விழுந்தது.

நான் பேசவில்லை. பேசியிருக்கலாம். சன்னலைக் காட்டினால் போதும். ஆனால் உடன் வந்தவருக்கு விசாரணையில் பேச உரிமை இல்லை என்பது விதி. பேசினால் அவர் பொய் வாக்குமூலம் கொடுத்தவராகி, கோப்பு முதலிலிருந்து தொடங்கும். இதையெல்லாம் அந்தக் கால் நிமிடத்தில் யோசித்தேன். விதிகள் நன்றாகத் தெரிந்திருப்பதில் ஒரு சௌகரியம், சும்மா இருப்பதற்கு எப்போதும் ஒரு விதி கிடைக்கும்.

கீழே வந்ததும் அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தாளின் நகலை வாங்கினாள். “என் பேரு எங்க சார்?” விரல் வைத்துக் காட்டினேன். அவள் விரலும் அதன்மேல் ஊர்ந்தது. “முன்னால என்னமோ சின்னதா இருக்கே?”

“அது மரியாதைக்குப் போடறது,” என்றார் கடைக்காரர்.

பஸ் ஸ்டாண்டில் அவர் வெற்றிலை வாங்கப் போனபோது அவளிடம் உண்மையைச் சொன்னேன். தாளை மறுபடி விரித்து அந்தச் சொல்லின்மேல் விரல் வைத்தாள்.

“எப்பச் செத்தேனாம்?”

“கர்க்கடகத்தில்.”

“கர்க்கடகத்துல அவுகளுக்கு நாலு படம் போட்டுக் குடுத்தேன்,” என்றாள்.

பஸ்ஸில் நான் கடைக்காரரிடம் கத்தினேன். அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். “நான் அவளுக்கு நல்லதுதானே செஞ்சேன் சாரே? உசிரோட இருக்கிற பேச்சியம்மா யாரு? சுக்குக் கிடங்குல இருக்கிற ஒருத்தி. செத்துப்போன பேச்சியம்மான்னா ஆர்ட்டிஸ்ட். இனிமே அவள் பேரை நானே சொல்லி விப்பேன். அவளும் அதைத்தானே கேட்டாள்?”

சொன்னபடியே செய்தார். மறுநாளே சான்றிதழின் நகலுக்குச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார். அரசாங்கமே வருந்திய ஓவியர். மிச்சம் ஏழே படங்கள், கை நின்றுவிட்டது என்று வருகிறவர்களிடம் சொன்னார். கை நின்றுவிட்டது என்பது மட்டும் நிஜம். அன்றிலிருந்து பேச்சியம்மாள் அந்த அறைப் பக்கம் போகவில்லை. தோப்பும்படியில் ஒரு தையல் கடையில் பட்டன் வைக்கப் போனாள். வீட்டில் கிடைத்த நேரத்தில் தனக்காக ஒரே ஒரு படம் போட்டாள். அதே தெரு.

போய்ப் பார்த்தேன். “அந்த மேடம் சொன்னாகன்னு தண்ணிய ஓடவிட்டுப் பாத்தேன் சார்,” என்றாள். “நல்லால்ல. எங்க ஊருல மழையே கெடையாது. எனக்குத் தெரிஞ்ச மழை இங்கன பெய்யிறதுதான். அது நிக்கத்தான் செய்யும். நிக்கட்டும்னு விட்டுட்டேன்.”

கண்காட்சிக்குக் கடைசி நாள் நெருங்கியது. அவளுடைய விண்ணப்பத்தை நானே எழுதினேன். வேறு ஆதாரம் இல்லாததால் அதே சான்றிதழை இணைத்து, ஓவியர் உயிருடன் இருப்பதையும், அந்த ஒரு சொல் எவ்வாறு தவறாக நுழைந்தது என்பதையும் மூன்று பக்கக் கடிதத்தில் விளக்கினேன். ஓய்வூதியக்காரர்கள் ஒவ்வொரு வருஷமும் உயிரோடு இருப்பதாக நேரில் போய்க் காட்டுவதுபோல அவளும் நேரில் வந்து நிற்கத் தயார் என்று முடித்தேன். என் வாழ்க்கையில் எழுதிய மிகத் தெளிவான கடிதம் அது. ஒருவரும் படிக்கவில்லை.

இணைப்பை மட்டும் படித்தார்கள். உயிரோடிருக்கும் உள்ளூர் ஓவியர்களுக்கான சுவர்கள் எல்லாம் சிபாரிசுகளால் எப்போதோ நிரம்பியிருந்தன. மறைந்த உள்ளூர்க் கலைஞர் ஒருவருக்கு அஞ்சலியாக ஒரு சுவர் வைத்திருந்தார்கள். அதற்கு ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. பத்து நாளில் பதில் வந்தது. முப்பத்து நாலு வருஷ அனுபவத்தால் என்னால் வாங்கித் தர முடியாத சுவரை, கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டு அந்த மனிதர் வாங்கிக் கொடுத்திருந்தார்.

திருத்தம் கோரிக் கடிதம் எழுதுகிறேன் என்றேன். பேச்சியம்மாள் என் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள். “வேண்டாம் சார். திருத்துனா செவுரு போயிரும்.”

தொடக்க நாளில் நீலச் சேலை கட்டி, தலைக்குப் பூ வைத்து வந்தாள். கழுத்தில் அட்டை மாட்டிய ஓர் இளம்பெண் வாசலில் நிறுத்தி, யார் என்று மலையாளத்தில் கேட்டாள். பேச்சியம்மாள் சுவரிலிருந்த பெயரைக் காட்டினாள். சொந்தக்காரரா என்று அந்தப் பெண் பரிவோடு கேட்டாள்.

“ஆமா,” என்றாள் பேச்சியம்மாள். “ரொம்ப நெருங்கின சொந்தம்.”

படம் நன்றாக வெளிச்சம் விழும் இடத்தில் இருந்தது. கீழே வெள்ளை அட்டையில் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் பெயர். முன்னால் அந்த ஒரு சொல். ஜனங்கள் வந்தார்கள், குனிந்து படித்தார்கள், நிமிர்ந்து தெருவைப் பார்த்தார்கள். சிலர் உச்சுக் கொட்டினார்கள். பேச்சியம்மாள் சுவரோரமாக நின்று ஒவ்வொருவரும் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

பதினோரு மணி வாக்கில் கடைக்காரர் வந்தார். ஜிப்பா, தோளில் சரிகைத் துண்டு, பின்னால் கடையிலிருந்து கூட்டிவந்த இரண்டு வெள்ளைக்காரர்கள். அவளைப் பார்த்தார். ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. நேராகப் போய்ப் படத்துக்கு முன்னால், அட்டைக்கு முதுகைக் காட்டி நின்று, தொண்டையைச் செருமினார். மேதை, வறுமை, காய்ச்சல், மூன்றே நாள். தன் மடியில்தான் உயிர் போனது என்றார். வெள்ளைக்காரப் பெண் கைக்குட்டையை எடுத்தாள். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். அட்டை யாருக்கும் தெரியவில்லை.

நான் முன்னால் போகக் கிளம்பினேன். இந்த முறை எந்த விதியையும் யோசிக்கவில்லை. ஆனால் எனக்கு முன்பே பேச்சியம்மாள் சுவரைவிட்டு நகர்ந்து வந்து, அவர் முழங்கையை இரண்டு விரலால் தொட்டாள். கோபம் எதுவும் இல்லாத குரல்.

“அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. என் பேரு மறைக்குது.”

அவர் தள்ளி நின்றார்.